பழைய கேஸ்கெட்டை மீண்டும் மாட்டலாமா?

தீபாவளி நெருங்கினால் ஜாசின், அலோர் காஜா, மஸ்ஜித் தானா பக்கத்துப் பட்டறைகளில் கார்கள் வரிசை கட்டும். நீண்ட பயணத்துக்கு முன் எஞ்சினைத் திறந்து ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம்தான். பார்த்து முடித்து மூடும் நேரத்தில்தான் அந்தப் பேச்சு வரும்: "கேஸ்கெட் நல்லாத்தானே இருக்கு அண்ணே, பழசையே போட்டுடுங்க."

பண்டிகைச் செலவு கழுத்தை நெரிக்கும்போது அப்படிக் கேட்கத்தான் தோன்றும். ஆனால் கேஸ்கெட் விஷயத்தில் கண்ணுக்கு நன்றாகத் தெரிவது போதாது.

இரண்டு உலோகப் பரப்புகள் எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் அவற்றில் நுண்ணிய மேடு பள்ளங்கள் உண்டு. போல்ட்டை இறுக்கும்போது கேஸ்கெட் நசுங்கி அந்தப் பள்ளங்களை அடைக்கிறது. பல ஆண்டுகள் சூட்டிலும் எண்ணெயிலும் கிடந்தபின் ரப்பர் இறுகி, நசுங்கிய வடிவத்திலேயே நின்றுவிடும். கழற்றாதவரை அது தாக்குப்பிடிக்கலாம். கழற்றி மாட்டினால் பழைய இடத்திலேயே அச்சுப் பிசகாமல் உட்காராது. நேற்றுவரை கசியாத இடம் நாளை கசியத் தொடங்குவது இதனால்தான்.

ரப்பர் என்றதும் நம் மாநிலத்தின் கதை நினைவுக்கு வரும். 1896இல் மலாக்காவின் தான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிடுவது அங்குதான் தொடங்கியது. நம் முன்னோர் சீவிய அந்தப் பாலில் செய்த இயற்கை ரப்பர் டயருக்கு அருமையானது. ஆனால் எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். அதனால்தான் எஞ்சின் கேஸ்கெட்டுக்கு நைட்ரில், அக்ரிலிக், சிலிக்கோன் போன்ற செயற்கை ரப்பர்களைப் பயன்படுத்துகிறார்கள். அவற்றுக்கும் ஆயுள் உண்டு.

எல்லாக் கேஸ்கெட்டும் ஒரே மாதிரி அல்ல. சிலிண்டர் ஹெட் கேஸ்கெட் எரியும் வாயு, குளிர்விக்கும் நீர், எண்ணெய் மூன்றையும் பிரித்து வைக்கிறது. ஹெட்டைக் கழற்றினால் அதைப் புதிதாக்கியே ஆகவேண்டும். இதில் பேரமே கிடையாது. பல எஞ்சின்களில் ஹெட் போல்ட்டுகளையும் மாற்றச் சொல்வார்கள். டாப்பெட் கவரின் ரப்பர் கேஸ்கெட், மாட்டிக் கொஞ்ச காலமே ஆகி, வளைத்தால் மெத்தென்று இருந்தால் மீண்டும் போடலாம். விறைத்திருந்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ குப்பைக்குத்தான். எண்ணெய் வடிக்கும் போல்ட்டின் அலுமினிய வாஷரை ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்திலும் புதிதாகப் போடுவதே நல்லது.

டாப்பெட் கவர் கசிந்தால் என்ன? எண்ணெய் வழிந்து சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சொட்டினால் கருகல் வாடையும் புகையும் வரும். சில வேளை தீயும் பிடிக்கும். சில எஞ்சின்களில் ஸ்பார்க் பிளக் குழிக்குள் எண்ணெய் இறங்கி எஞ்சின் திக்கும்.

சோதனை செய்யத் திறந்த இடமே ஆபத்தாக மாறும் என்பதை விமான உலகம் 1983இல் கண்டது. அவ்வாண்டு மே 5ஆம் தேதி, ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று மயாமியிலிருந்து நாசாவுக்கு 172 பேருடன் புறப்பட்டது. எண்ணெயில் உலோகத்தூள் இருக்கிறதா என்று பார்க்கும் கருவிகளை அதற்கு முன் மூன்று எஞ்சின்களிலும் கழற்றி மாட்டியிருந்தார்கள். மாட்டியபோது ஓ-ரிங் எனும் ரப்பர் வளையங்கள் விடுபட்டுப்போயின. மூன்று எஞ்சின்களும் எண்ணெயை இழந்தன. முதலில் அணைத்து வைத்த எஞ்சினை மீண்டும் இயக்கி விமானி மயாமியிலேயே பத்திரமாக இறக்கினார். எஞ்சின்கள் பழுதானதால் போனது அல்ல இந்தப் பயணம். ஒரு சிறு வளையத்தால் போனது.

பட்டறையில் வேறொரு குறுக்குவழியும் உண்டு: பழைய கேஸ்கெட்டின் மேல் சிலிக்கோனைத் தாராளமாகப் பூசுவது. வெளியே பிதுங்குவது போலவே உள்ளேயும் அது பிதுங்கும். அந்தத் துண்டுகள் எண்ணெய் வடிகட்டியை அடைத்தால் எஞ்சினுக்கு எண்ணெய் போகாது. தயாரிப்பாளர் சொன்ன இடத்தில், சொன்ன அளவே பூசவேண்டும்.

பெரும்பாலும் பழைய கேஸ்கெட் திரும்ப ஏறுவதற்குக் காரணம் கஞ்சத்தனமல்ல. திறந்த பிறகுதான் புதியது கையில் இல்லை என்று தெரிகிறது; கடையும் மூடியிருக்கிறது, காரும் மறுநாள் வேண்டும். ஆகவே காரை விடும்போதே, "எதையெல்லாம் திறப்பீங்க? அதுக்குக் கேஸ்கெட் இருக்கா?" என்று ஃபோர்மனிடம் கேளுங்கள். சிறிய கார்களின் டாப்பெட் கவர் கேஸ்கெட்டுக்குச் சில பத்து வெள்ளிதான் ஆகும். கழற்றிய பழசைக் கண்ணில் காட்டச் சொல்லுங்கள். போல்ட்டுகளை டார்க் ரெஞ்சு கொண்டு உரிய வரிசையில் இறுக்கச் சொல்லுங்கள். அளவுக்கு மீறி முறுக்கினால் புதிய கேஸ்கெட்டும் கெடும்.

வேலை முடிந்த இரண்டு நாள் கழித்துக் காலையில் கார் நின்ற தரையைப் பாருங்கள். தரை காய்ந்திருந்தால் தைரியமாக ஊருக்குப் புறப்படலாம்.