நிலநடுக்கம் வந்தா உள்ளேயே இருக்கணுமா, வெளியே ஓடணுமா? செட்டிநாட்டு வீடுகளுக்கு என்ன பதில்?

2025 மார்ச் 28-ம் தேதி மியான்மரில் 7.7 அளவில் நிலநடுக்கம். 3,000-க்கும் அதிகமானோர் பலி. சுமார் 1,000 கி.மீ. தள்ளியிருக்கும் பாங்காக்கில், கட்டுமானத்தில் இருந்த 30 மாடிக்கும் மேலான கட்டடம் சில நொடிகளில் சரிந்த வீடியோ எல்லோர் மொபைலுக்கும் வந்தது. காரைக்குடி பக்கத்து வீடுகளின் தேக்குத் தூண்கள் பலவும் அந்த பர்மாவிலிருந்து வந்தவைதான். தேக்கு வந்த நாட்டில் நடந்தது நம்ம ஊரிலும் நடக்குமா?

வாய்ப்பு குறைவு. 2002-ல் வெளியான நில அதிர்வு வரைபடப்படி சென்னை, கோவை பகுதிகள் 3-ம் மண்டலம். சிவகங்கை உள்ளிட்ட தென்மாவட்டங்கள் பெரும்பாலும் 2-ம் மண்டலம், அதாவது இருப்பதிலேயே ஆபத்து குறைந்த பகுதி.

ஆனா, இதைக் கேட்டு நிம்மதியா தூங்கும் முன் லாத்தூரை நினைச்சுப் பார்க்கணும். மகாராஷ்டிராவின் அந்தப் பகுதியும் அப்போதைய வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த மண்டலம்தான். 1993 செப்டம்பர் 30 அதிகாலை, சுமார் 6.2 அளவில்தான் குலுங்கியது. ஏறக்குறைய 8,000 பேராவது இறந்தார்கள். மண்ணை வைத்துக் கட்டிய கனமான கல் சுவர்களும் பாரமான கூரையும், தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேலேயே விழுந்தன.

செட்டிநாட்டு வீடுகள் அவ்வளவு பலவீனமானவை இல்லை. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் நல்ல பிடிப்பு உள்ளவை. ஆனா, சுவருக்குள் கம்பி கிடையாது, கூரையில் ஓட்டுப் பாரம் அதிகம். வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்து, மழைநீர் இறங்கிய வீடு என்றால் நிலைமை இன்னும் மோசம்.

கான்கிரீட் வீடா?

வெளியே ஓடாதீங்க. குனி, மறை, பிடி. முட்டி போட்டுக் குனிந்து, உறுதியான மேஜைக்கு அடியில் போய், அதன் காலைப் பிடிச்சுக்கணும். மேஜை இல்லைன்னா, கண்ணாடி ஜன்னலும் பீரோவும் இல்லாத உட்சுவர் ஓரமாகக் குனிந்து, தலையையும் கழுத்தையும் கைகளால் மூடிக்கணும். ஆடும்போது ஓடி, படிக்கட்டில் விழுந்து அடிபடுபவர்கள் நிறைய. லிஃப்ட் வேண்டவே வேண்டாம்.

பழைய ஓட்டு வீடா?

இங்கேதான் பதில் மாறும். கனமான கூரை உள்ள பழைய வீட்டின் தரைத்தளத்தில், வாசலுக்குச் சில அடி தூரத்தில் இருந்தால், முதல் சிறு அதிர்விலேயே வெளியேறுவது நல்லது என்கிறார்கள் வல்லுநர்கள். வேகமாக வரும் முதல் அலை லேசாகத்தான் ஆட்டும்; பலமான அலை பின்னாடி வரும். அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் நேரம், பெரும்பாலும் சில நொடிகள். வெளியே வந்ததும் முகப்புக்குக் கீழே நிக்காதீங்க. மேலே இருக்கும் சுதைச் சிற்பமும் கைப்பிடிச் சுவரும்தான் முதலில் விழக்கூடியவை.

இரண்டாங்கட்டில் இருப்பவர் முகப்பு வரை ஓட முடியாது. இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடாச்சே! வளவு பக்கத்தில் இருந்து, மேலே திறந்த வானம் இருந்தால், அதன் நடுவில் போய்க் குனியலாம். ஓரத்தில் ஓடு சரியும், ஜாக்கிரதை. மேலே தகரமோ கண்ணாடியோ போட்ட வளவு என்றால் வேண்டாம், மேஜைக்கடியே மேல். நிலைப்படியில் நின்றால் பாதுகாப்பு என்பது பழைய நம்பிக்கை. நிலை தேக்குதான், ஆனா அதுக்கு மேலே இருக்கிற சுவர் தேக்கு இல்லையே! ஆடும் ஊஞ்சலைப் பிடித்து நிறுத்தவும் போகாதீங்க.

பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடுகள் இங்கே ஏராளம். முட்டி போட முடியாத ஐயாவும் ஆச்சியும் கட்டிலிலேயே இருந்து, தலையணையால் தலையையும் கழுத்தையும் மூடிக்கொள்ளலாம். ஆனா, அந்தக் கட்டிலுக்கு மேலே பெரிய பெல்ஜியம் கண்ணாடியோ சட்டம் போட்ட படமோ தொங்கக் கூடாது. அடுத்த முறை ஊருக்கு வரும்போது அதை இடம் மாத்துங்க, பீரோவைச் சுவரோடு சேர்த்து இறுக்குங்க. அரை நாள் வேலைதான்.

அதிர்வு நின்றதும் கேஸ் சிலிண்டரையும் மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டு, செருப்பு போட்டுக்கொண்டு வெளியே வாங்க. பின்னதிர்வு வரலாம் என்பதால், விரிசல் கண்ட வீட்டுக்குள் நகை, பத்திரம் எடுக்கக்கூட திரும்பிப் போகக் கூடாது. உதவிக்கு 112, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.