துப்பிவிட்டால் தீர்ந்துவிடுமா?

பிரான்சின் போர்தோ, பர்கண்டி பகுதிகளில் திராட்சைத் தோட்டங்களைச் சுற்றிக் காட்டி, நிலவறைக்கு அழைத்துச் சென்று, மதுவைச் சுவைக்கத் தரும் சுற்றுலாக்கள் நடைபெறுகின்றன. "நாங்கள் விழுங்குவதில்லை; நாவில் வைத்துத் துப்பிவிடுவோம். இது பண்பாட்டை அறியும் பயணம்தானே?" என்கின்றனர் நம்மவர் சிலர்.

திராட்சையை மார்க்கம் தடுக்கவில்லை. அது அல்லாஹ்வின் அருட்கொடை. தடுக்கப்பட்டது போதையே. மதுவில் சில பயன்கள் இருப்பினும் அதன் பாவமே பெரிது என்பதை 2:219ஆம் வசனம் உணர்த்துகிறது. 5:90ஆம் வசனமோ அதைவிட்டு விலகிவிடக் கட்டளையிடுகிறது. நாவில் வைத்துத் துப்புவதா விலகல்? மது பரிமாறப்படும் விரிப்பில் அமர்வதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அதை விற்பவரோடு வாங்குபவரையும் சபித்தார்கள். சுற்றுலாக் கட்டணத்தில் அந்தக் கோப்பையின் விலையும் அடக்கம் என்பதை மறக்கலாமா?

மதுவால் பெரும் வருவாய் ஈட்டும் பிரான்சே, 1991ஆம் ஆண்டின் எவின் சட்டத்தால் மது விளம்பரங்களுக்குக் கடிவாளமிட்டது. அதன் தீங்கை அந்நாடே அறியும்.

1999இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த சேன் எமிலியோன் பகுதியைக் காண விரும்புவோர் தாராளமாகக் காணலாம். அதன் பழந்தெருக்களில் நடப்போம். திராட்சைப் பழம் உண்போம். சுவைக்கும் அறையின் வாசலிலேயே திரும்பிவிடுவோம். உடன் வரும் நம் பிள்ளைகள் அந்தத் திரும்புதலைக் கண்டு கற்கட்டும். அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக!