ஒரு சங்கிலி, பத்து அம்பு

அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தர் அவர்களுக்கு,

முதலாண்டுப் பிள்ளைகளுக்கு வழக்கம்போல வரவேற்பு விழா வைப்பீர்கள். அந்த விழா உரைகளில் இரண்டைக் குறைத்துவிட்டு, சிவில், கம்ப்யூட்டர் என்று பார்க்காமல் எல்லார் கையிலும் ஒரு நாள் அளவுச் சங்கிலியைக் கொடுங்கள். கிண்டியின் சிவப்புக் கட்டடத்தை ஒரு சுற்று அளந்து வரட்டும். நான் கேட்க வந்தது இவ்வளவுதான்.

சங்கிலி ஏன் என்று கேட்பீர்கள். இந்த இடத்தின் பிறப்பே அதில்தான். 1794-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலம் அளக்க ஆள் வேண்டியிருந்தது. சர்வேயர் மைக்கேல் டாப்பிங் யோசனை சொல்ல, எட்டே எட்டுப் பையன்களோடு புனித ஜார்ஜ் கோட்டையில் தொடங்கியது சர்வே பள்ளி. கல்விக்காக யாரும் உருகிவிடவில்லை. சீமையிலிருந்து ஆள் வரவழைப்பதைவிட இங்கேயே பழக்குவது மலிவு. 1859-இல்தான் அது பொறியியல் கல்லூரி என்ற பெயரைப் பெற்றது. (நாட்டின் பழைய பொறியியல் கல்லூரி எது என்றால் ரூர்க்கிக்காரர்கள் 1847-ஐக் காட்டிச் சண்டைக்கு வருவார்கள். பள்ளியைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் இருக்கிறது வெற்றி. நான் சேர்க்கிற கட்சி.) பிறகு சேப்பாக்கம். கிண்டிக்குக் குடிவந்தது 1920-இல்.

நாங்கள் பழகியது 30 மீட்டர் சங்கிலி. 150 கண்ணி, மீட்டருக்கு ஒரு பித்தளை வளையம், ஐந்து மீட்டருக்கு ஒரு வில்லை. வெயிலில் கிடந்த சங்கிலியை எடுத்தால் உள்ளங்கை சுடும். துரு கோடு கோடாக ஒட்டிக்கொள்ளும். கூடவே பத்து அம்பு: தலையில் வளையமுள்ள இரும்புக் கம்பி, வேறொன்றுமில்லை. முன்னால் போகிறவன் ஒவ்வொரு சங்கிலிக்கும் ஒன்றைத் தரையில் குத்துவான். பின்னால் வருகிறவன் பிடுங்கிக்கொண்டே வருவான். அவன் கையில் சேர்ந்த அம்புகள்தாம் கணக்கு. ஒருநாள் சிவப்புக் கட்டடத்தை அளந்தபோது பின்னால் வந்தவன் நான். பேச்சு வாக்கில் ஓர் அம்பைப் புல்லிலேயே விட்டுவிட்டேன். நோட்டைப் பார்த்த வாத்தியார் கேட்டார்: "மீதி 30 மீட்டரை யாருப்பா இடிச்சது?"

இன்று லேசர் கருவி வந்துவிட்டது, டோட்டல் ஸ்டேஷன் வந்துவிட்டது. தெரியும். ஆனாலும் தன் கவனக்குறைவு எத்தனை மீட்டர் என்று ஒருவன் குனிந்து தேடிப் பார்க்கிற பாடம் அந்தப் புல்தரையில்தான் கிடைக்கும். கம்ப்யூட்டர் நிரல் எழுதப்போகும் பிள்ளைக்கும் அது வேண்டும்.

அளந்து முடித்ததும் அவர்களுக்கு இங்கே படித்த அய்யாலசோமயாஜுல லலிதாவைப் பற்றிச் சொல்லுங்கள். பதினெட்டு வயதில் கணவரை இழந்தவர், கையில் நான்கு மாதக் குழந்தை. தந்தை பப்பு சுப்பாராவ் இதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். லலிதா 1940-இல் மின்பொறியியலில் சேர்ந்து 1943-இல் முடித்தார். சான்றிதழ் ஆண்களுக்கென்றே அச்சாகியிருந்தது. ஆண்பால் சொல்லை அடித்துப் பெண்பாலைக் கையால் எழுதிக் கொடுத்தார்களாம். பின்னால் பக்ரா நங்கல் அணையின் மின் பணிகளிலும் அவர் கை இருந்தது. அவரோடு படித்த தெரேசியாவும் லீலாம்மா ஜார்ஜும் சிவில். மாணவிகள் கூட்டம் கூட்டமாக நடந்துபோகிற அந்த வராந்தாவில், பேனாவால் திருத்திய அந்தக் காகிதத்தின் படத்தைப் பெரிதாக மாட்டினால் என்ன?

இன்னொன்று. 1978-இல் பல்கலைக்கழகம் பிறந்தபோது கிண்டி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., கட்டடக்கலைப் பள்ளி என்று நான்கு உறுப்புகள். 2001-க்குப் பிறகு மாநிலம் முழுக்க இணைப்புக் கல்லூரிகள். உங்கள் முத்திரையோடு பட்டம் வாங்குகிறவர்களில் பலர் இந்தச் சிவப்புக் கட்டடத்தைப் படத்தில் மட்டுமே பார்த்தவர்கள். கடலூரிலோ தேனியிலோ படிக்கிற பிள்ளை தன் கல்லூரிக் கட்டடத்தையே அளக்கட்டும். செலவு அதிகமில்லை, சிவில் துறை உள்ள இடங்களில் சங்கிலி இருக்கும்.

காலை ஏழு மணிக்கே வைத்துக்கொள்ளுங்கள், வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். அம்புகளை மட்டும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கிண்டியின் பழைய சிவில் மாணவன்