எட்டு வருஷம் எங்கே போயிற்று?

நமது பழைய மாணாக்கர் ஒருவரிடமிருந்து சென்ற வாரம் கடிதம் வந்தது. அவர் மயக்க மருந்து கொடுப்பதில் தேர்ச்சி பெற்ற டாக்டர். நம் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் எட்டு வருஷம் உழைத்துவிட்டு இங்கிலாந்து சென்றவர். "ஸார், அங்கே நான் பிறருக்குக் கற்றுக் கொடுத்ததை இங்கே நானே மறுபடியும் கற்றுக் கொள்ள வேண்டுமாம். அந்த எட்டு வருஷம் கணக்கில் சேருமா, சேராதா?" என்று கேட்டிருந்தார்.

கடல் கடந்த டாக்டர்கள் பலருக்கும் உள்ள கேள்வி இது. ஆகையால் விஷயத்தைச் சற்று விசாரிப்போம்.

இங்கிலாந்தில் டாக்டர்களின் ஜாபிதாவை வைத்திருப்பது, 1858-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் பிறந்த ஜெனரல் மெடிகல் கவுன்ஸில். ஸ்பெஷலிஸ்டுகளுக்கென்று அங்கே தனி ஜாபிதா உண்டு. அதில் பெயர் ஏறாதவர் அந்நாட்டின் தேசீய சுகாதார சேவையில் நிரந்தரமான கன்ஸல்டண்டு பதவி வகிக்க முடியாது. பெயர் ஏறுவதற்கு ராஜபாட்டை, அங்கீகாரம் பெற்ற பயிற்சியை அங்கேயே ஆதிமுதல் அந்தம்வரை முடிப்பது. மற்றொரு வழி, எந்தத் தேசத்தில் பெற்ற அனுபவமாயினும் அதைத் தக்க அத்தாட்சிகளுடன் சமர்ப்பிப்பது. முன் அனுபவத்தில் ஒரு பகுதியை ஏற்றுக் கொண்டு, பயிற்சியின் நடுவில் சேர்த்துக் கொள்ளும் கூட்டு ஏற்பாடும் உண்டு.

அத்தாட்சி காட்டும் வழியில் 2023-ஆம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி ஒரு மாறுதல் வந்தது. அதற்கு முன், தாம் பெற்ற பயிற்சி பிரிட்டிஷ் பயிற்சிக்கு ஈடானது என்று விண்ணப்பதாரர் நிரூபிக்க வேண்டியிருந்தது. இப்போதோ, ஸ்பெஷலிஸ்டாகப் பணியாற்றத் தேவையான அறிவும் திறமையும் அனுபவமும் தமக்கு உண்டு என்று காட்ட வேண்டும். "எங்கள் பாதையில் நடந்தாயா?" என்பது பழைய கேள்வி. "சேர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டாயா?" என்பது புதிய கேள்வி. இரண்டாவதே நியாயமானது என்பது நமது அபிப்பிராயம்.

வேறு ஊரிலிருந்து ஒரு பையன் டிரான்ஸ்பர் சர்டிபிகேட்டுடன் நம் பள்ளிக்கூடத்துக்கு வருகிறான். நாம் அவனைப் பரீட்சித்துப் பார்க்கிறோம்; அது நம் கடமை. ஆனால் வேறு பள்ளியில் படித்தான் என்பதற்காக அரிச்சுவடி வகுப்பில் உட்கார்த்தி வைப்போமா?

அதற்காகப் பரீட்சையே வேண்டாம் என்று சொல்பவர்களோடு நாம் சேரமாட்டோம். ஆபரேஷன் மேஜையில் மயங்கிக் கிடக்கும் நோயாளி டாக்டரின் யோக்கியதையை விசாரிக்க முடியாது. அவனுக்காக வேறு யாராவது விசாரித்தே தீர வேண்டும். விசாரணை கடுமையாக இருக்கட்டும், நேர்மையாகவும் இருக்கட்டும்.

நம் டாக்டர்கள் இடறி விழும் இடம் பெரும்பாலும் திறமையன்று, தஸ்தாவேஜு. செய்த சிகிச்சைகளின் குறிப்பேடு, மேலதிகாரிகளின் சாட்சியம், வேலையைத் தாமே பரிசோதித்துத் திருத்திக் கொண்டதற்கு ஆதாரம் என்று நூற்றுக்கணக்கான பக்கங்கள் வேண்டும். நம் ஊர் ஆஸ்பத்திரிகளிலோ கைக்கு ஓயாத வேலை, பேனாவுக்கு ஓய்வு. நமது மாணாக்கரின் எட்டு வருஷத்தில் ஐந்து வருஷத்துக்குக் குறிப்பேடே இல்லை. அவருடைய தலைமை டாக்டரும் காலமாகிவிட்டார். இனி யார் சாட்சி சொல்வது?

இதில் தேச கௌரவமும் கலந்திருக்கிறது. 1930-ஆம் வருஷத்தில் அதே கவுன்ஸில் இந்திய வைத்தியப் பட்டங்களுக்கு அளித்து வந்த அங்கீகாரத்தை நிறுத்தியது. 1933-ல் சட்டம் இயற்றி, நமக்கென்றே ஒரு மெடிகல் கவுன்ஸில் ஏற்பட்டது. அயலார் நம்மை அளப்பதைக் குறை கூறுவதோடு நிற்காமல், நம்மை நாமே அளக்கத் தொடங்கினோம். அது நல்ல பாடம். வெளிநாட்டில் வைத்தியம் படித்துத் திரும்பும் நம் பிள்ளைகளுக்கு 2002 முதல் நாமும் ஒரு பரீட்சை வைத்திருக்கிறோம். பிறரிடம் கேட்கும் நியாயத்தை அவர்களுக்கும் வழங்க நாம் கடமைப்பட்டவர்கள்.

டாக்டர் பிள்ளையோ பெண்ணோ உள்ள வீட்டாருக்கு ஒரு வார்த்தை. சீமைக்குப் போகும் எண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அன்றன்று செய்த வேலையை, நோயாளியின் பெயரை விலக்கி, அன்றன்றே எழுதி வைக்கச் சொல்லுங்கள். தலைமை டாக்டரின் கையெழுத்தை அவர் இருக்கும்போதே வாங்கிவிடட்டும். நமது மாணாக்கருக்கும் மிஞ்சிய மூன்று வருஷக் குறிப்பேட்டுடன் விண்ணப்பிக்கும்படி பதில் எழுதியிருக்கிறோம். மற்ற ஐந்து வருஷத்தை அவர் கைகள் அறியும். கவுன்ஸில் அறிய வழியில்லை.