கென்டக்கி பந்தயமும் அப்பீலற்ற தீர்ப்பும்

2019-ம் வருஷம் மே மாதம் 4-ந் தேதி அமெரிக்காவில் கென்டக்கி மாகாணத்து லூயிவில் நகரில் நடந்த குதிரைப் பந்தயத்தில், முதலாவதாக ஓடி வந்த குதிரை பதினேழாவது என்று தீர்ப்பாயிற்று. இரண்டாவதாக வந்த குதிரை முதலாவதாயிற்று. மழையில் நனைந்து சேறும் தண்ணீருமாய்க் கிடந்த பந்தயப் பாதையைச் சுற்றி ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ஜனங்கள், சுமார் 22 நிமிஷ நேரம் என்ன ஆகுமோ என்று காத்து நின்றார்கள். "குதிரைப் பந்தயத்தைப் பற்றித் தலையங்கமா?" என்று நம் வாசகர்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். பந்தயத்தில் பணம் கட்டும் பழக்கத்துக்கு நாம் சிபார்சு செய்யப்போவதில்லை. ஆனால் அன்று அங்கே எழுந்த கேள்வி குதிரைகளைப் பற்றியது மட்டுமல்ல. தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் படைத்தவர்கள், அத்தீர்ப்பினால் நன்மை தீமை அடைவோருக்கு எம்மட்டில் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்பதே அது. வருஷங்கள் பல சென்றும் அக்கேள்விக்குத் திருப்தியான விடை கிடைத்ததாக நாம் நினைக்கவில்லை.

கென்டக்கி டெர்பி என்னும் இப்பந்தயம் 1875-ம் வருஷம் தொடங்கியது. சர்ச்சில் டவுன்ஸ் மைதானத்தில் மூன்று வயதுக் குதிரைகள் ஒன்றேகால் மைல் தூரம் ஓடும். இரண்டு நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். முதல் வருஷம் ஓடிய 15 குதிரைகளில் 13 குதிரைகளின் மேல் சவாரி செய்தவர்கள் நீக்ரோ சமூகத்தவர் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட கறுப்பு அமெரிக்கர்கள். வெற்றி பெற்ற அரிஸ்டைடிஸ் என்ற குதிரையைச் செலுத்திய ஆலிவர் லூயிஸும் அவர்களில் ஒருவரே. அடிமைத்தளை அறுந்து பத்து வருஷமே ஆகியிருந்த காலம் அது. பிறகு பந்தயத்தில் பணமும் புகழும் பெருகப் பெருக, அந்தச் சவாரிக்காரர்கள் படிப்படியாக மைதானத்தை விட்டே ஒதுக்கப்பட்டார்கள். 1901, 1902 ஆகிய இரு வருஷங்களிலும் ஜயித்த ஜிம்மி விங்க்பீல்டுக்குப் பின் அவர்களில் ஒருவரும் அங்கே ஜயிக்கவில்லை. நியாயம் எப்பொழுதும் கொடிகட்டிப் பறந்த இடம் அது என்று யாரும் எண்ணிவிடக்கூடாது என்பதற்காகவே இதைச் சொல்லி வைக்கிறோம்.

இனி 2019-ம் வருஷத்து விஷயத்துக்கு வருவோம். மழை பெய்த நாளில் மண் பாதையில் குதிரை ஓட்டுவது ஒரு தனி வித்தை. தண்ணீர் உள்ளே இறங்கிவிடாமல் வழிந்தோடும்படி பாதையை முன்கூட்டியே உருளையிட்டு இறுக்கி விடுவார்கள். அடி மண் கெட்டியாகவும் மேலே கஞ்சி போன்ற சேறாகவும் இருக்கும். முன்னால் போகும் குதிரைக்கு முகம் சுத்தம். பின்னால் வரும் குதிரைகளுக்கோ கண்ணிலும் மூக்கிலும் வாயிலும் சேறு. சவாரிக்காரர்கள் கண்ணாடிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அணிந்து கொண்டு, சேறு மறைக்க மறைக்க ஒவ்வொன்றாகக் கீழே தள்ளிக்கொண்டு போவார்கள். ஆகவே முந்திக்கொண்டவனுக்கே அன்று சௌகரியம் அதிகம். மாக்ஸிமம் செக்யூரிட்டி என்ற குதிரை அந்தச் சௌகரியத்தை ஏறக்குறைய ஆரம்பம் முதலே கைப்பற்றிக் கொண்டது. இக்குதிரையின் கதையும் விநோதமானது. முதன்முதலாக ஓடிய பந்தயத்தில் 16,000 டாலர் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் இதை வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். சீந்துவாரில்லை. அதன்பின் ஓடிய பந்தயமெல்லாம் ஜயித்து, தோல்வியே அறியாமல் டெர்பிக்கு வந்து சேர்ந்தது.

கடைசித் திருப்பத்தில்தான் விபரீதம் நேர்ந்தது. முன்னணியில் சென்ற மாக்ஸிமம் செக்யூரிட்டி உட்புறத்து வேலியோரத்தை விட்டுச் சட்டென்று வெளிப்புறம் விலகிற்று. கூட்டத்தின் கூச்சலைக் கேட்டு மிரண்டுவிட்டது என்று அதன் சவாரிக்காரரான லூயிஸ் ஸாயெஸ் பின்னால் சொன்னார். நெருங்கி வந்துகொண்டிருந்த வார் ஆப் வில் என்ற குதிரையின் முன்னங்கால்கள் இதன் பின்னங்கால்களோடு பின்னிக் கொள்ளும் நிலைமை ஏற்பட்டது. வார் ஆப் வில் ஒதுங்க, அதை அடுத்து வந்த லாங் ரேஞ்ச் டாடியும் மற்றொரு குதிரையும் தடைப்பட்டன. அந்தச் சேற்றில் ஒரு குதிரை இடறி விழுந்திருக்குமானால் பின்னால் வந்த பத்துப் பன்னிரண்டு குதிரைகளும் மனிதர்களும் என்ன கதிக்கு ஆளாகியிருப்பார்கள் என்று நினைக்கவே நெஞ்சு நடுங்குகிறது. வார் ஆப் வில்லை அடக்கிப் பிடித்து விழாமல் காத்த டைலர் கபாலியோன் என்ற இளைஞரின் கைத்திறமையை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

பந்தயம் முடிந்ததும், இரண்டாவதாக வந்த கன்ட்ரி ஹவுஸின் சவாரிக்காரரும் லாங் ரேஞ்ச் டாடியின் சவாரிக்காரரும் ஆக்ஷேபணை கிளப்பினார்கள். மேற்பார்வைக்காக நியமனம் பெற்ற ஸ்டூவர்டுகள் தாமாக விசாரணை எதுவும் தொடங்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. ஆக்ஷேபணை வந்த பிறகு மூவரும் சலனப்படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து, ஏகமனதாக முடிவு செய்தார்கள். குற்றம் செய்த குதிரை தான் இடைஞ்சல் செய்த குதிரைகளில் கடைசியாக வந்ததற்கும் பின்னே தள்ளப்பட வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். லாங் ரேஞ்ச் டாடி பதினேழாவதாக வந்திருந்தபடியால், மாக்ஸிமம் செக்யூரிட்டிக்கு அந்த இடமே கிடைத்தது. ஓட்டத்தில் செய்த குற்றத்துக்காக டெர்பியில் முதலில் வந்த குதிரையைத் தள்ளியது 144 வருஷத்தில் அதுவே முதல் தடவை. 1968-ம் வருஷம் டான்ஸர்ஸ் இமேஜ் என்ற குதிரை மருந்து விவகாரத்தில் வெற்றியை இழந்தது. அது ஓட்டம் முடிந்த பிறகு பரிசோதனையில் வெளியான குற்றம்.

இத்தீர்ப்பு தவறு என்று சொல்பவர்களின் வாதத்தையும் அலட்சியம் செய்வதற்கில்லை. வார் ஆப் வில்தான் இடம் தேடி வெளியே வந்து மோதிற்று என்கிறார்கள். அன்று ஓடிய குதிரைகளில் சிறந்தது மாக்ஸிமம் செக்யூரிட்டியே என்றும், இடைஞ்சல் இல்லாவிட்டாலும் மற்றவை அதை முந்தியிரா என்றும் சொல்கிறார்கள். இங்கிலாந்து முதலிய தேசங்களில் விதி இவ்வாதத்துக்கே இடம் கொடுக்கிறது. இடைஞ்சலுக்குள்ளான குதிரை, அது நேராதிருந்தால் குற்றவாளியை முந்தியிருக்கும் என்று தோன்றினாலன்றி அங்கே வரிசையை மாற்றுவதில்லை. ஜப்பானும் 2013-ம் வருஷம் அம்முறையைக் கைக்கொண்டது. நமக்கு இம்முறை சம்மதமில்லை. பலசாலி எளியவனை இடித்துத் தள்ளிவிட்டு, "இடிக்காவிட்டாலும் இவன் ஜயித்திருக்கப் போவதில்லையே" என்று சொல்வதற்கு இது வழி செய்கிறது. இடிபட்டவன் எவ்வளவு தூரம் போயிருப்பான் என்பதை, இடித்தவனுடைய பலத்தைக் கொண்டு நிர்ணயிப்பது எந்த ஊர் நியாயம்? கென்டக்கியின் விதி கடுமையானதுதான். ஆனால் முதலாவதாக வந்தவனுக்கும் கடைசியாக வந்தவனுக்கும் அது ஒன்றே.

பழைய நாட்களில் அப்படி இல்லை. 1933-ம் வருஷத்து டெர்பியில் புரோக்கர்ஸ் டிப், ஹெட் பிளே என்ற இரு குதிரைகள் சமமாக வந்தபோது, அவற்றின் மேலிருந்த இருவரும் ஒருவரையொருவர் பிடித்து இழுத்துச் சண்டையிட்டுக் கொண்டே கோட்டைக் கடந்தார்கள். அக்காட்சி புகைப்படமாகவே இருக்கிறது. தோற்றவர் செய்த ஆக்ஷேபணை தள்ளுபடியாயிற்று. இருவருக்கும் 30 நாள் தடை விதித்தார்களேயன்றி, வெற்றி வெற்றியாகவே நின்றது. டெர்பி பெரிய பந்தயம், அதில் கை வைக்கலாகாது என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியிருக்க வேண்டும். 2019-ம் வருஷத்து ஸ்டூவர்டுகள் அந்த எண்ணத்துக்கு வணங்கவில்லை. அவர்களுடைய தைரியத்தை மெச்சுகிறோம்.

ஆனால் தீர்ப்புச் சொன்ன முறையை மெச்ச முடியாது. தலைமை ஸ்டூவர்டான பார்பரா போர்டன் அம்மையார் அன்று மாலை பத்திரிகை நிருபர்கள் முன் ஒரு சிறு அறிக்கையைப் படித்தார். கேள்வி ஒன்றுக்கும் பதில் சொல்லாமல் போய்விட்டார். குதிரையின் சொந்தக்காரர்களான வெஸ்ட் தம்பதிகள் மாகாணப் பந்தய கமிஷனிடம் அப்பீல் செய்து கொண்டார்கள். ஸ்டூவர்டுகளின் இத்தகைய தீர்மானங்களின் மேல் அப்பீல் கிடையாது என்று கமிஷன் கைவிரித்தது. சமஷ்டி கோர்ட்டுக்குப் போனார்கள். 2019-ம் வருஷம் நவம்பரில் வழக்கு தள்ளுபடியாயிற்று. 2020-ம் வருஷம் ஆகஸ்டில் மேல் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. பரிசு யாருக்கு என்பது ஸ்டூவர்டுகளின் விவேகத்துக்கு உட்பட்டிருக்கையில், அதைச் சொந்தக்காரரின் சொத்துரிமை என்று சொல்ல முடியாது என்பது கோர்ட்டு கண்ட நியாயம். சட்டப்படி இது சரியாயிருக்கலாம். அப்படியானால் சட்டத்தில் ஓட்டை இருக்கிறது என்றுதானே அர்த்தம்? முதல் பரிசு மட்டும் 18,60,000 டாலர். அது போகட்டும், சொந்தக்காரர்கள் செல்வந்தர்கள். மாக்ஸிமம் செக்யூரிட்டியின் மேல் பணம் கட்டிய ஆயிரக்கணக்கான சாமானியர்கள் என்ன செய்வார்கள்? கன்ட்ரி ஹவுஸின் மேல் 2 டாலர் கட்டியவனுக்கு 132 டாலர் 40 சென்ட் கிடைத்தது. மற்றவன் கையில் வெறும் காகிதம். சர்க்கார் அனுமதி கொடுத்து, சர்க்கார் கமிஷனின் மேற்பார்வையில் நடக்கும் விளையாட்டில், தீர்ப்பின் காரணங்களை விவரமாய் எழுதி வெளியிடுவதற்கும், வேறொரு சபை அதைப் பரிசீலிப்பதற்கும் என்ன தடை? தீர்ப்பு சரியாயிருந்தபடியாலேயே அது பரிசீலனைக்குப் பயந்திருக்க வேண்டியதில்லை.

அந்நாளில் அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த டிரம்ப் அவர்களும் மறுநாள் இத்தீர்ப்பைக் கண்டித்து அபிப்பிராயம் வெளியிட்டார். ராஜ்ய பாரத்தின் நடுவே குதிரைகளுக்கும் நேரம் ஒதுக்கினாரே என்று ஆச்சரியப்பட்டதோடு நாம் நிறுத்திக் கொள்கிறோம். வேறொன்றைப் பற்றி மாத்திரம் எச்சரிக்கை செய்ய வேண்டியிருக்கிறது. மாக்ஸிமம் செக்யூரிட்டியைப் பழக்கிய ஜேஸன் ஸெர்விஸ் என்பவர் குதிரைகளுக்கு மருந்து கொடுத்த வழக்கில் 2020-ம் வருஷம் மார்ச்சில் குற்றஞ் சாட்டப்பட்டு, பின்னர் குற்றத்தை ஒப்புக் கொண்டு, 2023-ம் வருஷம் நான்கு வருஷச் சிறைத் தண்டனை பெற்றார். இதைக் கண்டு, "பார்த்தீர்களா, ஸ்டூவர்டுகள் செய்தது சரியாய்ப் போயிற்று" என்று சொல்பவர்கள் உண்டு. இது தவறான தர்க்கம். ஸ்டூவர்டுகள் அன்று மருந்தை விசாரிக்கவில்லை; திருப்பத்தில் நடந்ததையே விசாரித்தார்கள். பின்னால் வெளிப்பட்ட குற்றத்தைக் கொண்டு முன்னால் சொன்ன தீர்ப்பை நியாயப்படுத்தத் தொடங்கினால், குற்றவாளி என்று பெயர் பெற்றவனுக்கு எந்த வழக்கிலும் நியாயம் கிடைக்காது.

உண்மையில் இடிபட்டவர்களுக்குக் கிடைத்தது என்ன? எட்டாவதாக வந்த வார் ஆப் வில் ஏழாவதாயிற்று. லாங் ரேஞ்ச் டாடி பதினேழாவதிலிருந்து பதினாறாவதாயிற்று. அதிகம் இடைஞ்சலுக்கு உள்ளாகாத கன்ட்ரி ஹவுஸுக்குப் பூமாலையும் பரிசும் கிடைத்தன. ஒன்றுக்கு அறுபத்தைந்து என்று யாரும் பொருட்படுத்தாத அக்குதிரை, நோய்வாய்ப்பட்டு, அதன் பிறகு எந்தப் பந்தயத்திலும் ஓடவில்லை. இரண்டு வாரத்திற்குள் பால்டிமோரில் நடந்த பிரீக்னஸ் பந்தயத்தில் வார் ஆப் வில் முதலாவதாக வந்தது. அப்பொழுதும் அதன் மேல் இருந்தவர் கபாலியோனே.