பஸ் விடும் பெருமூச்சு

பஸ் நிலையத்தில் நிற்கும்போது திடீரென்று 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கேட்கும். பக்கத்தில் நிற்கும் பிள்ளை துள்ளி விலகும். டயரில் காற்று போகிறது என்று சிலர் எட்டிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் அது ஏர் டிரையரின் வேலை. கம்ப்ரசர் போதுமான காற்றைத் தொட்டியில் நிரப்பி முடித்ததும், தான் பிடித்து வைத்திருந்த ஈரத்தை டிரையர் வெளியே துப்புகிறது. அந்தச் சத்தம் கேட்டால் நல்லதுதான்.

பெரிய பஸ், லோரி, பஸ் சட்டத்தின் மேல் கட்டிய மோட்டார்ஹோம் எல்லாமே காற்றை நம்பித்தான் ஓடுகின்றன. பிரேக்குக்கும் காற்று வேண்டும். இரும்புப் பட்டைகளுக்குப் பதிலாக வண்டியின் உடலைத் தாங்கும் ரப்பர் பைகளுக்கும் காற்று வேண்டும். (விபத்தில் விரியும் காரின் ஏர்பேக் வேறு, இது வேறு.) இரண்டுக்கும் அனுப்புவது ஒரே கம்ப்ரசர்.

சிக்கல் நம் ஊர்க் காற்றில் இருக்கிறது. 30 டிகிரி வெப்பம், 80 விழுக்காடு ஈரப்பதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 24 கிராம் தண்ணீர் கலந்திருக்கும். அதை எட்டு மடங்கு அழுத்தி ஆறவிட்டால் பெரும்பகுதி சொட்டுச் சொட்டாகத் தொட்டியின் அடியில் தங்கிவிடும். பனி பெய்யும் நாடுகளில் இந்தத் தண்ணீர் குழாயில் உறைந்து பிரேக்கையே முடக்கும். நமக்கு அந்தப் பயம் இல்லை. துரு இருக்கிறது. தொட்டியைத் தின்று, வால்வுகளுக்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும்.

பழைய டிரைவர்கள் மாலையில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, தொட்டிக்கு அடியிலுள்ள வால்வைத் திறந்துவிடுவார்கள். ஒரு நிமிட வேலை. வெறும் காற்று வந்தால் டிரையர் நன்றாக இருக்கிறது. நாள்தோறும் தண்ணீர் கொட்டினால் டிரையரின் கார்ட்ரிட்ஜை மாற்ற வேண்டும். பால் போல வெள்ளையாக வந்தால் தண்ணீரோடு எண்ணெயும் கலந்திருக்கிறது. கம்ப்ரசரையே கவனிக்க வேண்டும். இப்போது பல வண்டிகளில் தானாகத் திறக்கும் வால்வு வந்துவிட்டது. அதனால் யாரும் குனிந்து பார்ப்பதில்லை என்பதுதான் என் வருத்தம். வாரக்கணக்கில் நகராமல் நிற்கும் மோட்டார்ஹோமை யார் பார்க்கப் போகிறார்கள்?

இரவு நேராக நின்ற வண்டி காலையில் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், அந்தப் பக்கத்துப் பையிலோ உயரத்தைச் சரிசெய்யும் வால்விலோ கசிவு இருக்கலாம். சோப்புத் தண்ணீர் பூசினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். 'சின்னக் கசிவுதானே' என்று விட்டால் கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடிச் சூடாகும். இன்னும் அதிக ஈரத்தையும் எண்ணெயையும் உள்ளே தள்ளும். அமெரிக்காவில் கனரக வாகன ஓட்டுநர் சோதனையில், தொட்டி நிறைந்திருக்க, எஞ்சினை நிறுத்தி, பிரேக்கை விடுவித்து முள்ளைப் பார்க்கச் சொல்கிறார்கள். தனி வண்டியில் ஒரு நிமிடத்தில் 2 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது. நம் பட்டறைகளிலும் செய்து பார்க்கலாம், செலவில்லை.

ஆனால் கசிவைத் தேடுகிறேன் என்று காற்றுப் பை மட்டும் தாங்கி நிற்கும் வண்டிக்கு அடியில் யாரும் நுழையக் கூடாது. பை கிழிந்தாலோ குழாய் கழன்றாலோ உடல் அப்படியே கீழே இறங்கும். ஆள் விலக நேரம் இருக்காது. எஞ்சினை நிறுத்திவிட்டோம் என்பது பாதுகாப்பு அல்ல. ஜாக்கும் போதாது. சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்டு வைத்த பிறகுதான் தலையை நீட்ட வேண்டும். சாலையோரத்தில் நின்றுபோன பஸ்ஸுக்கு அடியில் முதலில் அனுப்பப்படுவது பெரும்பாலும் உதவியாளர் தம்பிதான். "கொஞ்சம் எட்டிப் பாருடா" என்றால் அவன் மறுக்க மாட்டான்.

தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கோ பினாங்குக்கோ பஸ் எடுக்கிறவர்களுக்கு ஒன்று. விடியற்காலையில் எஞ்சினைப் போட்டதும் ஒரு பஸ்ஸர் அலறலாம். தொட்டியில் காற்று குறைவு என்று அர்த்தம். அழுத்தம் ஏறி அது அடங்கிய பிறகும், முள் மேலே போகும் வரை டிரைவர் காத்திருப்பார். "அண்ணே, நேரமாச்சு, எடுங்க" என்று பின்னாலிருந்து குரல் கொடுக்காதீர்கள். வழியில் அதே பஸ்ஸர் மறுபடி அலறினால், வண்டியை ஓரம் கட்டச் சொல்லிக் குரல் கொடுங்கள்.