எழுத்து வேறு, முகப்பு வேறு

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது நமக்கெல்லாம் தெரியும். காவிரியில் எடுத்த நீரை ஓரிடத்தில் சுத்தம் செய்து, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஊர்களுக்குக் குழாய் வழியே அனுப்புகிறார்கள். வீட்டில் பித்தளைக் குழாய் வைத்தாலும் பிளாஸ்டிக் குழாய் வைத்தாலும் வரும் தண்ணீர் ஒன்றுதான். நம் எழுத்தும் இணையத்தில் இப்படி இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இப்போது நம்மில் பலருடைய வலைப்பதிவில் கட்டுரை, வண்ணம், அலங்காரம் எல்லாம் ஒரே மூட்டை. 'ஹெட்லெஸ் சிஎம்எஸ்' என்ற முறை அந்த மூட்டையைப் பிரிக்கிறது. பெயர் கேட்க முண்டம் மாதிரி பயமுறுத்தினாலும் விஷயம் எளிது. தலை என்பது வாசகர் பார்க்கும் பக்கம். அது இல்லாமல் எழுத்தை மட்டும் வைத்திருக்கும் கிடங்குதான் இது. ஸ்ட்ராபி அப்படி ஒரு கிடங்கு. வேர்ட்பிரஸ்ஸையும் 2016 டிசம்பரில் வந்த 4.7 பதிப்பிலிருந்து தனியாக எதையும் சேர்க்காமலே இப்படிப் பயன்படுத்தலாம். ஏபிஐ என்பது குழாய். நெக்ஸ்ட் ஜேஎஸ் போன்ற ஃபிரேம்வொர்க் அந்தக் குழாயில் வருவதை வாங்கிப் பக்கமாக்கித் தருகிறது.

குழாய் போடும் பிள்ளைகளிடம் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். கிடங்கின் ரகசியச் சாவி சர்வரிலேயே இருக்கிறதா? வாசகரின் பிரவுசருக்குப் போனால் யாரும் எடுத்துவிடலாம். அடுத்து, கட்டுரையில் ஒரு பிழையைத் திருத்தினால் பக்கம் தானே மாறுமா? முன்கூட்டியே தயாரித்து வைத்த பக்கம் பழையபடியே நிற்கும். 'வெப்ஹூக்' வைத்தால் கிடங்கே சேதி சொல்லிப் பக்கத்தைப் புதுப்பிக்க வைக்கும்.

ஒரே ஒரு பதிவு நடத்துபவருக்கு இவ்வளவு தேவையா என்று கேட்பீர்கள். பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் வேண்டாம். ஆனால் மாதம் ஒருமுறை எழுத்தையெல்லாம் இறக்கிச் சொந்தப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கிடங்கு வைத்தவருக்கும் இதே பேச்சுதான். யாகூவின் ஜியோசிட்டீஸ் 2009-இல் மூடப்பட்டபோது எத்தனையோ பேரின் பக்கங்கள் போயின.

1965 அக்டோபர் 2-ஆம் தேதிதான் தருமபுரி தனி மாவட்டம் ஆனது. சேலம் மாவட்டத்தோடு இருந்த நாட்களை நேரில் கண்டு எழுதக்கூடியவர்கள் இன்று குறைவு. அவர்கள் எழுத்துக்குப் பேரப்பிள்ளைகள் பெரிய எழுத்துப் பக்கமோ, செல்போன் செயலியோ, தங்களுக்குப் பிடித்த முகத்தை வைத்துக்கொள்ளட்டும். அதற்கு எழுத்து தனியாக, பத்திரமாக இருக்க வேண்டும். அதைச் செய்துவைப்பது நம் பொறுப்பு.